முப்பது நிமிடக் கதவுகள்

பேரி ஹோல்ராய்ட் தன் உத்தியோக காலத்தில் சுமார் பதினெட்டாயிரம் பேரை ஃபெயிலாக்கியிருக்கிறார். இதில் அவருக்குப் பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது. யார்க்‌ஷர் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஹெப்பிள்ஷாவிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பத்தோரு வருடம் வண்டியோட்டும் பரீட்சை நடத்திய அதிகாரி அவர். கண்ணாடியைப் பார்க்காமல் இண்டிகேட்டர் போட்டால் ஃபெயில். நிறுத்தக்கோட்டை முன்சக்கரம் முத்தமிட்டால் ஃபெயில். ஒருமுறை ஊர்ப் பாதிரியார், சாலையைக் கடக்கத் தயங்கிய ஒரு மூதாட்டிக்கு "போங்கம்மா" என்று கையசைத்துவிட்டார். அவரும் ஃபெயில்.

"கை காட்டினது அன்புதான், ஃபாதர். ஆனா அன்பு அங்கீகரிக்கப்பட்ட சிக்னல் இல்ல," என்றார் பேரி, அட்டையில் கோடு கிழித்தபடி.

எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். அதில் ஒன்பது வீடுகள் அவரிடம் ஃபெயிலானவை. பக்கத்து வீடான என்னுடையதும் சேர்த்துத்தான். நான் மூன்று தடவை.

ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் காகிதம் செருகும் அட்டையை அவர் கைவிடவில்லை. கடைக்குப் போனால் பால், ரொட்டி, பீன்ஸ் டப்பா என்று அதில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். மனைவி கிடையாது. ஒருத்தியைப் பார்த்து வைத்திருந்ததாகவும், அவள் பரீட்சைக்கு வந்து தொலைத்ததாகவும் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி டெஸ்மண்ட். வயது அறுபத்தொன்று, மனது ஏழு வயதிலேயே உட்கார்ந்துகொண்டது. அம்மா போன பிறகு நாலு மைல் தள்ளி மேட்டில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தான். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பேரி பஸ் ஏறிப் போய், தம்பியோடு உட்கார்ந்து டீயும் இஞ்சி பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வருவார். இருபத்திரண்டு வருடமாக இதில் மாற்றமில்லை. பனி கொட்டி பஸ் நின்ற நாளில் நடந்தே போனார்.

போன வருடம் ஏப்ரலில் அந்த இல்லத்தை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. பழைய கட்டடம், புதிய விதிகளுக்குள் அடங்கவில்லை. செப்டம்பர் முடிவுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். சமூகநலத் துறையிலிருந்து ரூத் என்ற பெண் பேரியைப் பார்க்க வந்தார். டெஸ்மண்டுக்கு ஓர் இடம் இருக்கிறதாம், கிழக்குக் கடற்கரையில். போக மூன்று பஸ் மாற வேண்டும்.

"எங்கூட இருக்கட்டுமே," என்றார் பேரி.

"தாராளமா. அவருக்குன்னு தனி படுக்கையறை இருந்தா போதும்."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அதை அவன் எடுத்துக்கட்டும். நான் சோபாவுல படுத்துக்கறேன்."

"சோபா படுக்கையறை கிடையாது, மிஸ்டர் ஹோல்ராய்ட்."

"விதிப்படியா?"

"விதிப்படி."

இதைக் கேட்டதும் பேரியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததாக ரூத் பிறகு சொன்னார். கருணை காட்டுகிறவர்களோடுதான் அவருக்குப் பேசத் தெரியாது. விதியோடு பேசுவது அவருக்குச் சொந்த மொழி.

எங்கள் தெருவீடுகளின் கதை சுருக்கமானது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கழிப்பறை கொல்லையில் இருந்த காலம் முடிந்தபோது, மேலே பின்பக்க அறையைக் குளியலறை தின்றுவிட்டது. ஆகவே எல்லா வீட்டிலும் படுக்கையறை ஒன்றே. மிச்சமிருப்பது பரண். பேரியின் பரணில் காலித் தண்ணீர்த் தொட்டி, மடக்கி வைத்த கிறிஸ்துமஸ் மரம், அம்மாவின் கோட்டுகள், 1979 முதலான பரீட்சைத் தாள்களின் நகல்கள். இவற்றை இறக்கிவிட்டு அங்கே தான் படுப்பது, கீழே தன் அறையைத் தம்பிக்குக் கொடுப்பது. இதுதான் திட்டம். அட்டையில் எழுதினார்.

முதலில் வந்தவர் தெருக்கோடியில் குடியிருக்கும் கொத்தனார் கிரான்வில். இரண்டு தடவை ஃபெயில்.

"மிஸ்டர் ஹெச், இது சப்பை வேலை. ஒரு ஏணி, நாலு பலகை, கூரையில ஒரு ஜன்னல். ஒரே வாரம். ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, கிரான்வில்."

"இந்தத் தெருவுல மூணு பேரு பரண்ல படுக்கறாங்க. கவுன்சில் வந்து எட்டிப் பாத்துச்சா?"

"எந்த மூணு பேரு?" என்று பேரி அட்டையை எடுத்தார். கிரான்வில் அவசரமாக டீயைக் குடித்து முடித்தார்.

விதிப்படி வேலை தொடங்கியது. உத்தரம் நுழையப்போகும் பொதுச்சுவர் எனக்கும் சொந்தம் என்பதால், இரண்டு மாதத்துக்கு முன்பே எனக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். தந்தார், பதிவுத் தபாலில். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் "ஆசீர்வாதம்" சொல்லுகிற தூரம். தபால்காரர் அடுத்த வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். நானும் சம்மதத்தைப் பதிவுத் தபாலிலேயே அனுப்பினேன். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டாரோடு பேசாமல் இருப்பது விரோதத்தால் அல்ல, மரியாதையால். இதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாம் கெட்டது இந்த மரியாதையால்தான்.

கவுன்சிலின் கட்டட ஆய்வாளர் ஜானிஸ் க்ராப்ட்ரீ. நாற்பத்தைந்து வயது, அளவு நாடா, டார்ச், பேரி வைத்திருப்பது போலவே ஓர் அட்டை. அவரை அடையாளம் கண்டதும் பேரி ஒரு படி பின்வாங்கினார். தொண்ணூறுகளில் இரண்டு தடவை ஜானிஸை ஃபெயிலாக்கியவர் பேரி.

"ஞாபகம் இருக்கா, மிஸ்டர் ஹோல்ராய்ட்? நிறுத்தக்கோடு. ஆறு இஞ்ச்."

"நாலு இஞ்ச்," என்றார் பேரி. அவர் நியாயமானவர்.

ஜானிஸ் பழிவாங்குவார் என்று பேரி எதிர்பார்த்தார். வாங்கியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பழிவாங்கலுக்கு மேல்முறையீடு உண்டு. ஜானிஸோ நேர்மையாக நடந்துகொண்டார். அதற்கு எதிராக எந்த அலுவலகத்திலும் மனுப் போட முடியாது.

பரண் படுக்கையறையாக வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று ஜானிஸ் சொல்ல, பேரி எழுதிக்கொண்டார். இரண்டு அட்டைகளும் எதிரெதிரே நின்ற காட்சி கோயில் திருவிழாவில் இரண்டு சாமிகள் சந்திப்பது போல இருந்தது. பரணின் பழைய கட்டைகள் கீழறையின் கூரையையும், குடும்பம் பெருகாத ஓர் எலியையும் தாங்குவதற்குப் போட்டவை. கட்டிலும் அதில் ஒரு பேரியும் வந்தால் தாங்காது. ஆகவே அவற்றுக்கு இடையே புதிய உத்தரங்கள், பொறியாளர் கணக்கோடு. ஏணி கூடாது, படிக்கட்டு வேண்டும். அதன் சாய்வு நாற்பத்திரண்டு பாகைக்கு மேல் போகக்கூடாது. படியிலிருந்து, நிற்கிறவர் தலைக்கு மேலுள்ள கூரை வரை இரண்டு மீட்டர் உயரம் வேண்டும். கூரை சரிவாக இருந்தால் சலுகை உண்டு, நடுவில் ஒன்று தொண்ணூறு, ஓரத்தில் ஒன்று எண்பது.

"நான் ஒண்ணு எழுபத்தெட்டு," என்றார் பேரி.

"அப்ப உங்களுக்கு ரெண்டு சென்டிமீட்டர் லாபம்."

கூரைச் சரிவுக்குள் ஒரு கை கனத்துக்குக் குளிர்காப்புப் பஞ்சு. ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம். பேட்டரியில் அல்ல, மின்கம்பியில். ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்த வேண்டும். பிறகு முக்கியமான விஷயம். பரணிலிருந்து ஜன்னல் வழியே குதித்தால் பிழைக்க முடியாது என்பதால், அங்கிருந்து தெருக்கதவு வரைக்கும் தீ நுழையாத ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையில் திறக்கும் அறைக் கதவுகள் ஒவ்வொன்றும் முப்பது நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். முன்னறை, சமையலறை, படுக்கையறை, பரண், மாடிப்படிக்கடியில் இருக்கும் அலமாரி, ஆக ஐந்து. குளியலறைக்கு வேண்டாம். அங்கே தீப்பிடிக்காது என்று விதி நம்புகிறது.

ஜானிஸ் முன்னறையில் நின்று தரையைப் பார்த்தார். மாடிப்படி நேராக அந்த அறைக்குள்தான் இறங்கியது. தரையில் பழைய சுவரின் தடம் கம்பளத்துக்கு மேலேயே ஒரு மேடாகத் தெரிந்தது.

"இங்க ஒரு சுவர் இருந்திருக்கணுமே? வாசலுக்கும் இந்த அறைக்கும் நடுவுல?"

"இருந்துச்சு. எழுபத்திநாலுல இடிச்சோம்."

"ஏன்?"

பேரி ஒரு கணம் அட்டையைப் பார்த்தார். "வசதிக்கு," என்றார்.

ஜானிஸ் தலையாட்டினார். அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் எல்லோரும் அந்தச் சுவரை இடித்தார்கள். பெரிய டிவி வந்த காலம். மேற்கொண்டு கேட்பது அநாகரிகம். "திரும்பக் கட்டணும்," என்றார்.

"கட்டிடலாம்."

கோடை முழுவதும் கிரான்வில் கட்டினார். வேலைக்கு வந்தவருக்கு ஒரு நாளைக்கு ஆறு டீ வீதம் பேரி கணக்காகக் கொடுத்தார். ஒவ்வொரு டீக்கும் ஒரு குறை சொன்னார். ஜூலையில் புதிய சுவர் எழுந்தது. தெருக்கதவைத் திறந்தால் எண்பத்து நாலு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நடை, ஜன்னலில்லாதது, பிளாஸ்டர் வாசனையோடு. இரண்டு பக்கமும் கனத்த கதவுகள். ஒவ்வொன்றையும் தள்ள ஒரு தோள் வேண்டும். கையை விட்டால் வில் இழுத்துத் தானே சாத்திக்கொள்ளும், பிணவறைப் பெட்டி மாதிரி ஒரு சத்தத்தோடு.

"வங்கிக்குக்கூட இவ்வளவு போட்டதில்ல, மிஸ்டர் ஹெச்," என்றார் கிரான்வில். "உள்ள என்ன வெக்கப் போறீங்க, தங்கமா?"

"டெஸ்மண்டை," என்றார் பேரி.

ஆகஸ்ட் கடைசியில் ஜானிஸ் இறுதி ஆய்வுக்கு வந்தார். தலைக்கு மேல் அளந்தார், சாய்வு பார்த்தார், அலாரத்தை அழுத்தினார், வீடு முழுவதும் கத்தியது. கதவுகளின் இடைவெளியை ஒரு நாணயத்தை விட்டுப் பார்த்தார். பிறகு அட்டையிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"முதல் தடவையிலேயே பாஸ், மிஸ்டர் ஹோல்ராய்ட். இந்த வருஷத்துல எங்கிட்ட இது முதல் தடவை."

பதினெட்டாயிரம் பேருக்கு மறுத்த ஒரு தாளை ஒரு மனிதன் தன் கையில் வாங்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று மாலை அவர் வேலிக்கு மேலாக என்னிடம் "குட் ஈவ்னிங்" என்று சொன்னார். வருடத்தில் அது மூன்றாவது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் டெஸ்மண்ட் சோதனையாகத் தங்கிப் பார்க்க வந்தான். வெள்ளிக்கிழமை மாலை, சிறிய பெட்டி, பெரிய சிரிப்பு. தெருக்கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வாசற்படியில் நின்றவன் உள்ளே கால் வைக்கவில்லை. நான் என் வாசலில் குப்பைத்தொட்டியைத் தள்ளுவது போல நின்றுகொண்டிருந்தேன்.

"பேரி, ரூம் எங்க?"

"இதோ, டெஸ். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்."

"கதவு எதுக்கு?"

"தீக்கு."

"தீ எங்க?"

"தீ இல்ல."

"அப்ப கதவு எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் நாற்பது பக்கம் பதில் இருக்கிறது. பேரி அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

டெஸ்மண்ட் தன் காலணியைக் கழற்றி, ஒரே எட்டில் உள்ளே வந்து, முன்னறைக் கதவுக்கு அடியில் செருகினான். மற்றதைச் சமையலறைக்கு. பெட்டியைத் திறந்து வீட்டுச் செருப்பு இரண்டையும் எடுத்தான். அது படுக்கையறைக்கும் பரணுக்கும். அலமாரிக் கதவுக்குச் செருப்பு இல்லை. அதைத் திறந்து பிடித்துக்கொண்டு தானே நின்றான். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு பேரி தன் காலணியைக் கழற்றிக் கொடுத்தார். அப்போதுதான் டெஸ்மண்ட் டீ குடிக்க உட்கார்ந்தான்.

ஆனால் முப்பது நிமிடக் கதவைக் காலணி வைத்துத் திறந்து வைத்தால் அது அரை நிமிடக் கதவு. பேரி இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் கிரான்விலைக் கூப்பிட்டார். சந்தையில் இதற்கும் ஒரு கருவி உண்டு. கதவின் அடியில் மாட்டினால் அது கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டிருக்கும். புகை அலாரம் கத்தினால் மட்டும் பிடியை விடும். விதிக்கும் சம்மதம். கிரான்வில் ஐந்து வாங்கி வந்து மாட்டினார்.

சனிக்கிழமை நன்றாக இருந்தது. இதை நான் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் சுவர் வழியே கேட்டேன். ஐந்து கதவும் விரியத் திறந்திருக்க, சகோதரர்கள் டிவியில் ஸ்னூக்கர் பார்த்தார்கள். டெஸ்மண்ட் ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டினான், எந்த ஆட்டக்காரன் அடித்தாலும். பேரி சிரிக்கும் சத்தம் முதல் தடவையாகக் கேட்டது. இருமல் என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பேரி ரொட்டி வாட்டினார். டெஸ்மண்டுக்குக் கொஞ்சம் கருகலாக வேண்டும், அம்மா அப்படித்தான் கொடுப்பாள். கருகியது. சமையலறையின் அலாரம் கத்தியது. அது கத்த எல்லாம் கத்தின. ஐந்து கருவிகளும் விதிப்படி காது கொடுத்துக் கேட்டு, ஐந்து பிடியையும் ஒரே நொடியில் விட்டன. ஐந்து கனத்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து சாத்திக்கொண்டன. எல்லாம் கச்சிதமாக வேலை செய்தன. ஒரு கதவுகூடத் தவறவில்லை.

அந்த நேரத்தில் டெஸ்மண்ட் நடையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

என் ஜன்னல் அதிர்ந்தது. பிறகு ஒரு குரல். அதை நான் எழுத வேண்டாம். தெருக்கதவு படாரென்று திறந்தது. நான் வெளியே வந்தபோது டெஸ்மண்ட் வெறும் சாக்ஸோடு, பைஜாமாவோடு, ஈர நடைபாதையைத் தாண்டி என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு காலணி. பின்னாலேயே பேரி, ரொட்டி இடுக்கியோடு.

"டெஸ், ஒண்ணும் இல்ல. வெறும் ரொட்டி. உள்ள வா."

"பேரி பூட்டிட்டான்," என்றான் டெஸ்மண்ட் என்னிடம். அண்ணனைப் பார்க்கவில்லை.

"பூட்டல, டெஸ். பூட்டே கிடையாது. பாரு, வந்து பாரு."

"பேரியும் பூட்டிட்டான்."

அந்த 'உம்' எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. டெஸ்மண்ட் மறுபடி அந்த வீட்டுக்குள் போகவே இல்லை. காலைச் சாப்பாட்டை என் படியிலேயே சாப்பிட்டான். மதியம் இல்லத்து வண்டி வந்து அழைத்துப் போனது.

செவ்வாய்க்கிழமை ரூத் படிவத்தோடு வந்தார். எனக்குத் தெரிந்தவரை ரூத் நல்ல மனுஷி. அதனால்தான் அந்தப் படிவத்தை முன்னறையில் வைத்து, பேனாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். என்னையும் சாட்சிக்கு உட்காரச் சொல்லியிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்தவன் என்று.

"பதினாலாவது கேள்வி. 'கதவுகள் சாத்தியிருக்கும் வீட்டில் இவரால் பயமின்றி வசிக்க முடியுமா?' நான் என்ன எழுத, மிஸ்டர் ஹோல்ராய்ட்?"

பேரி படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"'பழகிக்கொள்வார்'னு எழுதிக்கட்டுமா? நிறைய பேருக்கு அப்படித்தான் எழுதுறோம்."

"பழகமாட்டான்."

"காலம் போகப் போக…"

"அறுபத்தொண்ணு வயசு, ரூத்."

"ஒரே ஒரு வரி. நான் வேற எதையும் கேக்கல." குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க சொன்னாப் போதும். யாரும் வந்து பாக்கமாட்டாங்க."

பேரி அந்தப் பேனாவைப் பார்த்தார். கோட்டை ஆறு இஞ்ச் தாண்டிவிட்டு 'தாண்டல சார்' என்று சொல்கிறவர்களைப் பதினெட்டாயிரம் தடவை கேட்ட மனிதர். அந்த ஒரு வரிக்கு எதிரே தம்பியும், மூன்று பஸ்ஸும், இருபத்திரண்டு வருடமும் இருந்தன. ஊரில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன்; மூன்று தடவை சொன்னவன்.

"முடியாதுன்னு எழுதுங்க," என்றார்.

ரூத் எழுதினார்.

இரண்டு நாள் கழித்து ஜானிஸ் க்ராப்ட்ரீ செய்தி கேட்டு வந்தார். கடமைக்காக அல்ல, அட்டையில்லாமல் வந்தார். அந்த நடையில் நின்றபடியே கேட்டார்; நானும் வாசற்படியில் இருந்தேன்.

"கதவுன்னா அவருக்கு இவ்வளவு பயம்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது குடும்ப விஷயம்."

"எப்போ இருந்து?"

பேரி புதிய சுவரைத் தடவினார். பிறகு, முப்பத்தோரு வருடமாக ஒரே படிவத்தை நிரப்பியவர் போல, தட்டையாகச் சொன்னார்: டெஸ்மண்டை இருபது வயது வரை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்திருந்தார்கள், அழுதால் ஒரு சிறிய அறையில் போட்டுப் பூட்டுவார்கள். எழுபத்திநாலில் முதல் தடவையாக ஒரு வாரம் வீட்டுக்கு வந்தான். இதே வாசலில் நின்றான். இதே நடை, இதே இருட்டு, உள்ளே வரமாட்டேன் என்றான். அன்று மதியம் அப்பாவும் பேரியும் சம்மட்டி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் சுவர் இல்லை.

"வசதிக்குன்னு சொன்னீங்களே."

"அவன் வசதிக்கு."

ஜானிஸ் தரையைப் பார்த்தார். "சொல்லியிருந்தா," என்றார், "வேற வழி பாத்திருக்கலாம். கூரையில தண்ணி தெளிக்கிற குழாய் வெச்சு, திறந்த அறைக்கே தனியா கணக்கு போடலாம். விதியில அதுக்கும் இடம் இருக்கு. சுவரே எழும்பாம பாத்திருக்கலாம். நான் ஏன்னு கேட்டேனே, மிஸ்டர் ஹோல்ராய்ட்."

"ஒரு தடவைதான் கேட்டீங்க."

இதில் குற்றம் சொல்ல யாரும் இல்லை. எங்கள் ஊரில் இரண்டாம் தடவை கேட்பது மரியாதை இல்லை. முதல் தடவையிலேயே பதில் சொல்வதும் மரியாதை இல்லை. ஐந்து மாதம் அவர்கள் இருவரும் பஞ்சின் கனத்தைப் பற்றியும் படியின் சாய்வைப் பற்றியும் மனம்விட்டுப் பேசியிருந்தார்கள்.

"இப்ப இடிச்சா?" என்று கேட்டேன் நான். எனக்கு மரியாதை போதாது.

இல்லம் மூட பதினோரு நாள் இருந்தது. இடித்துக் குழாய் போட்டுச் சான்றிதழ் வாங்க மூன்று மாதம். கடற்கரை இடத்தை விட்டால் அடுத்தது எங்கே என்று யாருக்கும் தெரியாது. தவிர, இந்த வாசலைக் காட்டினாலே டெஸ்மண்ட் வண்டியை விட்டு இறங்கமாட்டான்.

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி அவனைக் கிழக்கே அழைத்துப் போனார்கள்.

பரண் அறை அப்படியே இருக்கிறது. குடியிருக்கத் தகுதியானது என்று சான்றிதழ் பெற்ற எங்கள் தெருவின் ஒரே பரண் அதுதான், யாரும் குடியில்லை. பேரி தன் பழைய அறையிலேயே படுக்கிறார். கருவிகளைக் கழற்றிவிட்டார். ஐந்து கதவும் விதிப்படி சாத்தியே இருக்கின்றன. சுவர் வழியே இப்போது எனக்கு எதுவும் கேட்பதில்லை. அந்தக் கனத்த கதவுகள் சத்தத்தையும் தாங்கும்.

புதன்கிழமைப் பயணம் நின்றுவிட்டது. மூன்று பஸ் மாறி ஒரே நாளில் போய்வர ஞாயிறுக்குத்தான் உடம்பு ஒத்துழைக்கிறது. போன மாதம் அவர் முட்டி பிடித்துக்கொண்டதால் நான் காரில் அழைத்துப் போனேன். வழி நெடுக என் கண்ணாடி பார்க்கும் முறையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

அந்தக் கடற்கரை இல்லத்தில் டெஸ்மண்ட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இளைத்துவிட்டான். இஞ்சி பிஸ்கட்டை எடுக்கவில்லை. அவன் அறைக் கதவுக்கடியில் காலணி இல்லை. இங்கே அதற்கு அனுமதி இல்லையாம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"பேரி, வீட்டுல கதவு திறந்திருக்கா?"

அன்று காலை புறப்படும்போது ஐந்து கதவையும் அவர் தள்ளிப் பார்த்துச் சாத்தியதை நான் நடையில் நின்று பார்த்திருந்தேன். பேரி ஹோல்ராய்ட் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியின் கையில் பிஸ்கட்டை வைத்தார்.

"திறந்துதான் இருக்கு, டெஸ்," என்றார். "எல்லாமே."